வெப்பமானியின் பின்புறம்

நாலாம் மாடி. லிஃப்ட் பழுது.
கண்ணாடிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்து
படிக்கு ஒரு வசவாக ஏறி வந்தேன்.
பர்னோ நகரத்துப் பிப்ரவரி
என் காலணியோடு உள்ளே வந்து உருகியது.

நாலு சுவருக்குள்ளே இன்னும் நாலு சுவரா
என்றாள் ஸ்டிஸ்லாவா.
பதில் சொல்லவில்லை;
வாயில் அளவுநாடா.

முதலில் பின்சுவர்.
டப்பாவை அமுக்கினால் நுரை சீறியது.
சொன்ன இடத்தில் நிற்காமல்
இரவெல்லாம் பொங்கி
காலையில் மூடியைத் தூக்கியிருந்தது.
ரொட்டிக் கத்தியால் அறுத்துப் பாறையாக்கினேன்,
சிலிக்கான் பூசித் தேங்காய்நார்த் தூளை அப்பினேன்.
மூன்று நாள் வீடு முழுக்கக் காடி நெடி.
கீழ்வீட்டு ஹெட்விகா அம்மாள் கதவைத் தட்டி
இந்தப் பனியில் யார் வெள்ளரிக்காய் ஊறவைப்பது
என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அடியில் களிமண் உருண்டைகள், மேலே வலை,
அதன்மேல் மண்.
பூங்காவில் பொறுக்கிய ஓக் சருகுகளை
மின்னடுப்பில் வாட்டினேன்.
மகள் பொஹ்தானா தட்டோடு வந்தாள்,
எட்டிப் பார்த்தாள்,
தட்டோடு திரும்பினாள்.

பிறகு வெள்ளை.
ஒரே வாரத்தில் வேர், பாசி, மரப்பட்டை எல்லாம்
பூஞ்சையைப் போர்த்திக்கொண்டன.
அதன் முகத்தில் விழிக்க முடியாமல்
டிராம் பணிமனையில் கூடுதல் ஷிப்ட் கேட்டேன்.
கையை வைக்காதே, பொறு என்றான் கடைக்காரன்.
கரித்துண்டுகளோடு ஒரு டப்பி தந்தான்:
ஊதினால் பறக்கும் உப்புத்தூளாய்ப் பூச்சிகள்.
அவை மேய்ந்தன.
நான் வேலைக்குப் போய்வந்தேன்.
ஒரு விடியலில் மூடியைத் திறந்தால்
மழை விட்ட மண்ணின் வாசனை.
வெளியே மைனஸ் ஒன்பது.

பதினோராம் வாரம் பல்லி வந்தது,
கொண்டை வைத்த கெக்கோ. இமை கிடையாது;
தன் கண்ணைத் தானே நக்கிக்கொள்கிறது.
அதற்கென்றே சாய்த்த கிளையை,
குடைந்த குகையை, முடிந்த கொடிப்பாலத்தை
ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது,
வாடகை கட்டுப்படியாகாது என்பதுபோல.

பின் போய் ஒட்டிக்கொண்டது
வெப்பமானியின் முதுகில்.
ஒரு விரல் சந்து. நூற்றைம்பது கொருனா பிளாஸ்டிக்.
அந்தக் காட்டிலேயே
காடாக நடிக்காத ஒரே பொருள்.

ஸ்டிஸ்லாவா சிரித்த சிரிப்பில்
ஹெட்விகா அம்மாள் மறுபடி கதவைத் தட்டினாள்.

அக்டோபரில் வெப்பமானியின் எண்கள் மங்கி அணைந்தன.
புது பேட்டரி மேசைமேல் கிடக்கிறது.
போடவேண்டுமென்றால் கழற்றவேண்டும்.
வேலைக்குக் கிளம்பும்முன் கண்ணாடியில்
உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன்.
இருபத்துமூன்று இருக்கும்.

இல்லை, நாலு
என்கிறாள் பொஹ்தானா,
தன் கையை வைத்து.