கேள்வி எண் 41877

செவ்வாய் காலை. லண்டன், மூன்றாம் மாடி.
ஒரே வரிதான்:
அரசு விடுதிகளில் கடந்த ஆண்டு
கொதிகலன் பழுதான நாள்கள் எத்தனை?
கேட்டவர் கெரன்சா போல்கிங்ஹார்ன்,
கார்ன்வால் பக்கத்து எம்.பி.

பதில் எழுதுகிறவன் நான்.
கீழே பெயர் மட்டும் அமைச்சருடையது.

“இத்தகவல் ஓரிடத்தில் தொகுக்கப்படவில்லை.
தொகுப்பதற்கு அளவுக்கு மீறிய செலவாகும்.”
பதினோரு வருடமாக
இந்த வாக்கியத்துக்கு
நான்தான் இஸ்திரி போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை இன்னொன்று வந்தது.
நான்கு ஊர்கள், ஒரு குளிர்காலம்.
மறுபடியும் இஸ்திரி.

அடுத்தது,
கேம்போர்னில் ஒரே ஒரு விடுதி.
ஜனவரி மட்டும்.

மீன்பிடி ஊர்க்காரி.
வலையின் கண்ணைச் சிறிதாக்கிக்கொண்டே
வந்திருக்கிறாள்.

அட்டவணை என் கணினியில்தான் இருந்தது.
ஒளித்துவைத்தேன் என்று சொல்ல முடியாது,
திறந்து பார்த்ததில்லை.
பத்தொன்பது.
தட்டினேன். இரண்டே இலக்கம்.

டங்கன் படித்தார்.
பேனா மூடியைக் கடித்தபடி,
“‘சில நாள்கள்’ என்று போடலாமே?”

“எத்தனை என்று கேட்டிருக்கிறார்” என்றேன்.

அவர் எதுவும் சொல்லவில்லை.
ஜன்னலோர ரேடியேட்டர் மீது
காயப்போட்டிருந்த கையுறைகளை
எடுத்துக்கொண்டு போனார்.