ஒன்பதில் நான்கு போக

பரதராமிக்கு அப்பால் எங்கள் பள்ளியில்
சிக்னல் என்பது தண்ணீர்த் தொட்டியின் ஏழாம் படி.
ஆறில் நின்றால் ஆந்திரா பிடித்துக்கொள்ளும்,
தெலுங்கில் ஒருத்தி ரீசார்ஜ் முடிந்தது என்பாள்.
ஆகவே இரவிலேயே, குடியாத்தம் வீட்டில்
சோறு வடித்துவிட்டு
மறுநாள் பாடத்தை இறக்குகிறேன்.

நாற்பது காணொளி பார்த்தால் ஒன்று தேறும்.
ஒன்றில் டீச்சர் அழகு, ‘ழ’ வரவில்லை.
ஒன்றில் பின்னணி இசை
கழித்தலைக் கழித்துவிட்டது.
இன்னொன்றில் ஆரஞ்சு நிறத்தில் இலை கொட்டும் மரங்கள்,
கம்பளித் தொப்பி போட்ட அணில்.
ஆனி வெயிலில், ஓடாத ஃபேனுக்குக் கீழே
என் பிள்ளைகள் அந்த அணிலுக்கும் சேர்த்து
வியர்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நல்லது ஆவணியில்தான் கிடைத்தது.
யாரோ ஒருவர், பெயர்கூடப் போடவில்லை,
மாம்பழம் வைத்துக் கணக்கு செய்திருந்தார்.
கூடையில் ஒன்பது.
கிளி வந்து நான்கைத் தூக்கிப் போகும்.
மீதி எத்தனை, தொட்டுக் காட்டு.
சரியாகத் தொட்டால் மணி அடிக்கும்.
தவறினால் ஒரு பெண்குரல்,
‘பரவாயில்லை. வா, இன்னொரு முறை எண்ணுவோம்.’
அவ்வளவுதான். எட்டு எம்பி.

மூன்றாம் வகுப்பில் பதினோரு பேர், ஒரே டேப்லெட்.
மூலையில் விரிசல்;
விடை அதன் கீழே வந்தால்
நகத்தால் அழுத்த வேண்டும்.
ரிஸ்வானாவுக்கு மணி. தேஜஸ்ரீக்கு மணி,
மணி கேட்டதும் ஒரு குதி.
லோகித்துக்கு மட்டும் அடிக்கவே இல்லை.
ஒன்பதில் நான்கு போனால் ஏழு என்றான்.
ஆறில் இரண்டு போனால் எட்டு.
ஐந்தில் ஒன்று போனால்,
கொஞ்சம் யோசித்து,
ஒன்பது.

கழித்தல்: பின்தங்கல் என்று பதிவேட்டில் எழுதினேன்.
ஐஸ் குச்சி கொடுத்தேன், புளியங்கொட்டை கொடுத்தேன்,
‘எத்தினி தபாடா சொல்றது’ என்றும் கொடுத்தேன்.

புதன்கிழமை சத்துணவில் முட்டை.
வாளியைத் தூக்கிவந்தவன் அவன்தான்.
‘நம்ம கிளாஸுக்குப் பதினொன்னு குட்த்தாங்க டீச்சர்,
ரெண்டு பேர் வர்ல,
யுவஸ்ரீ முட்ட துன்னமாட்டா,
எட்டு போதும், மூணு திருப்பிக் குட்த்துட்டேன்.’
விரலை மடக்கவில்லை.
வாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

மதியம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.
கிளி வந்தது, நான்கு போனது.
அவன் விரல் நேராக ஐந்துக்குப் போய்
தொடாமல் நின்றது,
சூடான பாத்திரத்தின் மேல் நிற்பதுபோல.
பிறகு மெதுவாக நகர்ந்து
ஏழைத் தொட்டது.
‘பரவாயில்லை’ என்றது குரல்.
அவன் உதடும் சொன்னது, சத்தமில்லாமல்.
அந்த ‘வா’வுக்கு
உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் முன்னால் சாய்ந்தான்.

அன்றிரவு நான் எதையும் இறக்கவில்லை.
பதிவேட்டில் எழுதியதை அடிக்கப் பார்த்தேன்;
என்ன காரணம் எழுதுவது?
அந்தக் கட்டத்துக்குள் அது அடங்காது.

வியாழன் கரண்ட் இல்லை, டேப்லெட் செத்துக் கிடந்தது.
சாக்பீஸை அவனிடம் நீட்டினேன்.
ஏழு என்று எழுதினான்,
எழுதிவிட்டு என் கையைப் பார்த்தான்.

பரவாயில்லை, என்றேன்.
பதினாறு வருட சர்வீஸில்
அந்த வார்த்தையை அவ்வளவாக எடுத்ததில்லை போல.
அட்டெண்டன்ஸ் கூப்பிடுவதுமாதிரி வந்தது.
பத்துத் தலையும்
டேப்லெட் பக்கம் திரும்பின,
சார்ஜ் வந்துவிட்டதா என்று.

அவன் திரும்பவில்லை.
சாக்பீஸ் தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
கிட்டே வந்தான்.

‘இன்னொரு தபா சொல்லுங்க டீச்சர்.’