கொட்டேஷன்

கோயம்புத்தூர்க்காரர் போனிலேயே சொல்லிவிட்டார்:
நாலுக்கு நாலு, பதினாறு சதுரடி,
அடிக்கு எழுநூற்று இருபது.
வரி தனி. லாரி வாடகை தனி.
குஞ்சப்பனை தாண்டி வளைவில் கண்ணாடி விரிந்தால்
"கம்பெனி பொறுப்பில்லைங்க மேடம்."

நான் ரூபாயில் கணக்குப் போடுவதில்லை.
பச்சை இலை இப்போது கிலோ பதினெட்டு.
ஒரு ஜன்னல் அறுநூற்று நாற்பது கிலோ.
ஏழு ஜன்னலுக்கு
எங்கள் முக்கால் ஏக்கர்
ஒன்றரை வருஷம் துளிர்த்தாக வேண்டும்,
உரம் கேட்காமல்,
வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வராமல்.

அரவேணுவிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார் சவரிநாதன்.
பின்சீட்டில் அஷ்ரப்,
ஏணிப் படிகளுக்கு நடுவே தலையை விட்டு
ஏணியை மாலைபோல் போட்டுக்கொண்டு.

மேலே அளந்தார். கீழே அளந்தார்.
மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு தடவை.
அப்புறம் மறுபடியும் மேலே.
"மேல நாப்பத்தேழரை, கீழ நாப்பத்தொம்போது.
ஜன்னல் கோணல் இல்லக்கா.
வீடு எறங்குது.
வருசத்துக்கு ஒரு நூல்."

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"இந்த மலைல எல்லா வீடும் எறங்குது.
கம்பெனிக்காரன் நேரா வெட்டுன சட்டத்தக் கொண்டாந்து
மிச்ச சந்துல நுரை அடிப்பான்.
அது ரெண்டு மழைக்கு."

ஏழும் வேண்டாமாம்.
மேற்கே இருக்கிற மூன்று போதும்.
சமையலறைக்கு லப்பம், ஒரு கோட்டு பெயிண்ட்.
கிழக்குப் பக்கம் தேக்கு,
"அது நம்மளை அனுப்பிட்டுத்தான் போகும்."
மூன்றுக்கும் சேர்த்து இருபத்தோராயிரத்து அறுநூறு.
டீ நீங்கள் போட வேண்டும்.
வாரண்டி ஐந்து வருஷம், காட்டெருமை நீங்கலாக.

வருகிற வேலையைத் தானே குறைக்கிறவரை
எப்படி நம்புவது?
அவர் போனதும் காய் நறுக்கும் கத்தியை எடுத்து
சமையலறைச் சட்டத்தில் குத்திப் பார்த்தேன்.
முனை இறங்கவில்லை.
மேற்கில் குத்தினேன்.
பிடிவரை போனது, ஈரக் கேக்கில் போவதுபோல.

முதல் ராத்திரி மூன்று ஓட்டைக்கும் தார்ப்பாய்.
மேகம் உள்ளே வந்து டிவிமேல் உட்கார்ந்திருந்தது.

பெயர்த்த சட்டத்துக்குப் பின்னாலிருந்து
அஷ்ரப் கை கையாகக் காகிதம் எடுத்துப் போட்டான்.
ஒவ்வொரு ஜூனிலும் இவர் மடித்துச் செருகியவை,
ஃபேக்டரி எடைச்சீட்டுகள்.
கிலோ நாலு ரூபாய்க்குப் போட்ட வருஷம்கூட இருந்தது.
அந்த வருஷமும் ஏதோ சாப்பிட்டிருக்கிறோம்.
நான் தரையில் உட்கார்ந்து
எல்லாச் சீட்டையும் கூட்டிப் பார்த்தேன்.
இவர் வந்து கொஞ்ச நேரம் நின்றார்,
ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

இப்போது ஜன்னல் சாத்தினால் சாத்துகிறது.
காற்று வெளியே கண்ணாடியில் முதுகைத் தேய்க்கிறது,
சத்தமில்லாமல்.
வீட்டுக்குள் இத்தனை சத்தம் இருந்தது
எனக்குத் தெரியாது.
பிரிட்ஜ் பெருமூச்சு விடுகிறது.
முன்னறையில் இவர் புரண்டு படுக்கிறார்.
இருமல் என் தூக்கத்தைக் கெடுக்கும் என்று
நாலு வருஷமாக அங்கே படுக்கிறார்.
அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.
புது ஜன்னல் வந்த ஒன்பது நாளில்
ஒரு தடவைகூட இருமவில்லை.
அவருக்கும் நான் விழித்திருப்பது
கேட்கிறது போலிருக்கிறது.

மீதிப் பணத்துக்கு வந்த சவரிநாதனிடம் கேட்டேன்,
ஒரு நூல் சந்து விட முடியுமா,
எங்கேயாவது ஒரு மூலையில்?

விளையாட்டுக்குக் கேட்கிறேனா என்று
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"காசு குடுத்து அடைச்சிட்டு,
காசு குடுத்துத் தொறப்பாங்களாக்கா?
பொறுங்க. வீடு எறங்கும்ல."

மூவாயிரத்து அறுநூறு.
எண்ணிக் கொடுத்தேன்.
இருநூறு கிலோ.