மோல்மேன், புதன் மாலை

மின்சாரம் போய்விட்டது.
கைப்பேசி வெளிச்சத்தில்
ஆளுக்கொரு வசனம்.
பர்மிய எழுத்தில் எழுதிவைத்த தமிழை
ஞானசிகாமணி
எழுத்தெழுத்தாய் வாசித்தார்:
விளக்கேற்றி, வீடு பெருக்கி
ஒருத்தி காசு தேடுகிறாள்.

"காசு என்றால் ஆத்துமா" என்றார் உபதேசியார்.
மொய்ங்கா விற்கும் ரூபவதி கேட்டாள்:
"கிடைச்சதும் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாளே,
தேத்தண்ணிச் செலவுக்கே
அந்தக் காசு போயிருக்குமே?"

சிரித்தோம். உபதேசியாரும்.

கடைசி பெஞ்சில் தேவசித்தம் மட்டும்
சிரிக்கவில்லை.
மகன் எல்லை தாண்டி ஏழு மாதம்,
ஒரு சேதியுமில்லை.
"போகட்டுமே" என்றார்.
"எல்லாக் காசும் போகட்டும்."

அடுத்த வசனம் யார் முறை என்று
யாரும் கேட்கவில்லை.
பக்கத்துக் கடையில் ஜெனரேட்டர்
இருமி இருமி
நின்றது.