இடப்பக்கம்

செவ்வாய்க்கிழமை. பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.
வெடி எதுவும் வெடிக்கவில்லை. அடியும் படவில்லை.
யாரோ ஸ்விட்சைத் தட்டியதுபோல
இடது காது அணைந்தது.
அணைந்த இடத்தில் ஒரு விசில்.

குக்கர் இல்லை, சில்வண்டும் இல்லை.
பழைய டிவியில் நிகழ்ச்சி முடிந்தபின்
கோடுகோடாய் நிற்கும் படத்துக்குப் பின்னால் ஒன்று இழுக்குமே,
அதை மெல்லிசாய்ச் சீவி
உள்ளே செருகியதுபோல.

கடலூர் – புதுச்சேரி, நாளைக்கு ஆறு நடை.
விசில் என் தொழில்.
ஒன்று அடித்தால் நிற்கும், இரண்டு அடித்தால் போகும்.
இந்த விசிலுக்கு அஞ்சாபுலி அண்ணன்
பிரேக்கும் போடவில்லை, கியரும் மாற்றவில்லை.
“என்னடா, எவனோ அடிச்ச மாதிரி முழிக்கிற?”
அடிக்கிறான் அண்ணே என்றேன்.
கண்ணாடிக்குள் சிரித்தார்.

ஒற்றைக் காதுக்குத் திசை கிடையாது.
“கிருமாம்பாக்கம் ரெண்டு” என்று ஒரு குரல்
கூரையிலிருந்து வரும், என் தோல்பைக்குள்ளிருந்து வரும்.
தாளை நீட்டும் கை அகப்படும்வரை
எல்லா முகத்தையும் கடன்காரன்போலப் பார்க்கிறேன்.
இடப்பக்க ஜன்னலோரத்து ஆள்
மூன்று முறை கூப்பிட்டு, நான்காவதாய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தார்.
“காசு வாங்க மட்டும் காது கேக்குமா?”
அதிலும் பாதிதான் கேட்டது.
மீதியை உதடு சொன்னது.

ஜிப்மரில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்.
அழுத்தினேன்.
அந்தப் பெண் கதவைத் திறந்து
“இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே” என்றாள்.

ஸ்கேன் சுத்தம். ரத்தம் சுத்தம்.
மாத்திரை பதினான்கு நாள், செவிப்பறையில் ஊசி மூன்று.
கடைசியில் நீளமாய் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சீட்டில் எழுதினார் டாக்டர்.
அப்படின்னா என்ன சார்?
காரணம் தெரியலைன்னு அர்த்தம்.
தெரியாததற்கு இவ்வளவு நீளப் பெயரா என்று
வெளியே வந்து ஒரு டீ குடித்தேன்.

தெரிந்தவர்கள் ஊரில் நிறைய.
ஏர் ஹாரன்தான் என்றார் செக்கர்.
பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் என்றது பக்கத்து வீடு.
யார் வயிற்றெரிச்சலோ என்று
மஞ்சக்குப்பத்துச் சித்தி எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.
கடைசி நடை முடிந்து இன்வாய்ஸ் எழுதும்போது
ஏழு ரூபாய் இடித்தால்
என் பையிலிருந்து போட்டு நேர்செய்துவிடுவேன்.
இதற்கு எதைப் போட?

கரண்ட் போன இரவுதான் மோசம்.
ஃபேன் சுற்றும்வரை அதன் இரைச்சலுக்குள் பதுங்கியிருக்கும்.
நின்றதும் எழுந்து வீடெல்லாம் நடக்கும்.
“எங்கதான்டா இறங்குவ நீ?”
சத்தமாகவே கேட்டுவிட்டேன் ஒருநாள்.
தில்லைநாயகி எழுந்து உட்கார்ந்தாள்.

ஐப்பசி. எங்கள் தேவனாம்பட்டினத்தில்
மழையும் கடலும் வலப்பக்கம் மட்டும் இரைந்தன.
புரண்டு படுத்தேன்.
நல்ல காது தலையணைக்குள் போனதும்
மழை நின்றது, கடல் நின்றது.
விசில் மட்டும்.

அப்போது இடது மடலில் ஒரு சூடு.
விட்டு விட்டு.
தில்லைநாயகி பேசிக்கொண்டிருந்தாள்
என் செத்த காதுக்குள், உதடு படாமல், நெடுநேரம்.
பத்தொன்பது வருஷத்தில்
இவ்வளவைச் சேர்ந்தாற்போல் அவள் என்னிடம் சொன்னதில்லை.
நடுவில் அவசரமாய் இரண்டு மூன்று மூச்சு.
சிரிப்போ, விம்மலோ,
காற்றில் இரண்டும் ஒரே சூடு.
நான் திரும்பவில்லை.

எத்தனை நாளாகவோ.

காலையில் வலப்பக்கமாய் வந்து நின்று
“சட்னி போதுமா?” என்றாள்.

நல்ல காது மேலே இருக்கும்படி படுங்க,
விசில் அடங்கும் என்கிறார் டாக்டர்.
சரி சார் என்றேன்.
ராத்திரி அதைப் புதைத்தே படுக்கிறேன்.