ஜெபக்குறிப்பு

வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டம்,
குலசேகரம் தாண்டி, ரப்பர் காட்டு ஓரம்.
முழங்காலில் நின்று சொன்னேன்:
"றெஜினாளுக்காக ஜெபியுங்க.
மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து
ஏழு மாசமா பணம் அனுப்பல்ல.
வேற ஏதோ தொடர்பாம்…
ஆண்டவருக்குத் தெரியும்."

ஆண்டவருக்கு முந்தியே தெரியும்.
தெரியாத ஒன்பது பேர்
பாயில் இருந்தார்கள்.

'ஸ்தோத்திரம்' என்று யாரோ பெருமூச்சு விட,
என் நாக்கில் ஊறியது
கண்ணீர் இல்லை.

கட்டன்காப்பி வந்தபோது
இன்னொரு முறை, விவரமாய்,
பாரத்தோடு சொன்னேன்.

விடியுமுன் பால்வெட்டு.
நெற்றி விளக்கின் வட்டத்தில்
நேற்றைய கீறலில் உறைந்த ஒட்டுப்பால்,
பார்வைக்குப் பட்டைபோலவே.
உரிக்காமல் கத்தி வைத்தால்
புதுப்பால் வழிதவறி ஒழுகும்,
சிரட்டைக்கு வராது.

உரித்தேன்.
நாடாவாய் இழுபட்டு வந்தது.
மரத்துக்கு மரம் போகையில்
'பாரம்' என்று நான் அழைத்ததை
அதன் சொந்தப் பேரால்
ஒருமுறை சத்தமாய்ச் சொன்னேன்.
மரங்கள் கேட்டன.

கர்த்தாவே, நாக்கைக் கட்டாதேயும்.
அது எங்கிருந்து ஊறுகிறதோ
அங்கே கத்தி வையும்.

ஏழு மணிக்கு றெஜினாள் வீட்டு நடை.
"ஜெபிக்க வந்தியா?" என்றாள்.
இல்லை என்றேன்.
"பின்னே?"

கையெல்லாம் ஒட்டுப்பால் நாற்றம்.
வாயைத் திறந்தேன்.