முறை

காலை ஆறுக்கு அளவுகோல் பார்த்து
செக்‌ஷன் ஆபீசுக்கு எண்ணை அனுப்பிவிட்டு
இன்னொரு எண்ணுக்காகக் காத்தபடி
வீட்டுக்கு நடக்கிறேன்.
நேற்றெடுத்த ரத்தத்தில்
வெள்ளை அணு எவ்வளவு என்று
நீடாமங்கலம் லேப் சொல்ல வேண்டும்.

மூணாத்துத் தலைப்பில் இருபத்தாறு வருஷமாக லஸ்கர்.
ஒன்றாய் வந்த வெண்ணாறு
கோரையாறு, பாமணியாறு, மிச்ச வெண்ணாறு என்று
பிரிந்து போகிற இடம்.
எதற்கு எவ்வளவு என்பது மேலே முடிவாகும்.
கைப்பிடி மட்டும் என்னிடம்.

தஞ்சாவூரில் டாக்டர் நஸ்ரின் பானு
மருந்துச் சீட்டின் முதுகில் வட்டம் போட்டார்.
உயிரணு வளரும், தன்னைப் படியெடுக்கும்,
சரிபார்க்கும், இரண்டாகும்.
படியெடுக்கும் முன்னால் ஒரு கதவு உண்டு.
கதவைத் திறக்கிற கை ஒரு நொதி.
"இவங்களுக்கு அந்தக் கை ஓயவே மாட்டேங்குது.
இந்த மாத்திரை அதைப் பிடிச்சுக்கும்."

"கொன்னுடுமா?" என்றாள் அமலோற்பவம்.
"கொல்லாது. நிறுத்தி வைக்கும்."

அவள் முகம் விழுந்தது.
எனக்கு விழவில்லை.
நிறுத்தி வைக்கத்தானே எனக்குச் சம்பளம்.

இருபத்தொரு நாள் மாத்திரை, ஏழு நாள் கிடையாது.
தண்ணீர் குறைந்த வருஷம்
நாங்களும் இப்படித்தான் முறை வைப்போம்,
ஆறு நாள் இதற்கு, ஆறு நாள் அதற்கு.
மூடின பக்கத்திலிருந்து
ராத்திரி பத்து மணிக்கு நாலு பைக் வரும்.
"அண்ணே, ஒரு சாண் தூக்கி விடுங்க,
கதிர் பால் கட்டுற நேரம்."
பொய்யில்லை அது. இருந்தும் தூக்க மாட்டேன்.

மருந்துக்கு எந்த வாய்க்கால் என்று தெரியாது.
எலும்புக்குள் வெள்ளை அணு பிறக்கிற மதகும்
சேர்ந்தே இறங்கிவிடுகிறது.
அந்த ஏழு நாள்
கடைமடைக்கு.

நாலாவது அட்டை தொடங்க வேண்டிய அன்று
எண்ணூறு என்று வந்தது.
"ஒரு வாரம் தள்ளிப் போடுங்க."
சத்துணவுக் கூடத்தில் முட்டை எண்ணுகிறவள் அவள்,
ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தூக்கம் வராது.
மறுநாள் காலை அரிசி டின்னுக்குள் அட்டையைப் பார்த்தேன்.
இருபதுதான் இருந்தது.

"நிறுத்தினா அது வளருமில்ல?"
அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.
பைக்கில் வருகிறவர்களுக்கு நான் சொல்லும்
ஒரு பதிலும் வாய்க்கு வரவில்லை.
அட்டையை எடுத்துப் போய்
கைப்பிடி வைக்கிற இரும்புப் பெட்டியில் பூட்டினேன்.

எந்த ஷட்டரை இறக்கினாலும்
ரப்பர் தேய்ந்த மூலையில்
விரல் தடிமனுக்குக் கசியும்.
அதைக் கன அடியில் எழுதுவதில்லை.
மருந்து எத்தனை வருஷம் பிடிக்கும் என்று
டாக்டரிடம் நானும் கேட்கவில்லை.

வாசல் வரை வந்துவிட்டேன். போன்.
ஆயிரத்து முந்நூறு.
அவள் உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம்.

கூப்பிடாமல் திரும்பி நடக்கிறேன்,
சாவி இடுப்பில் இடிக்க இடிக்க.
இன்று தொடங்கினால்
இருபத்தொன்றாம் நாளுக்கு ஒன்று குறையும்.
எந்தக் கணக்கில் எழுதுவது அதை.